கேட்பாரத்துக் கெடந்த குவாட் பைக்க வாங்கி சரி பண்ணப் போறீங்களா? முதல்ல இதப் படிங்க

போன வருஷம் அக்டோபர் கடைசில 1,500 டாலருக்கு ஒரு பழைய ஹோண்டா டிஆர்எக்ஸ் 400 இஎக்ஸ் குவாட் பைக் வாங்கினேன், அதாவது காட்டுல சேத்துல ஓட்டுற நாலு சக்கர பைக். ஒரு கொட்டகைக்குப் பின்னாடி தார்பாய் போட்டு மூடி ரெண்டு மூணு வருஷமா அப்படியே கெடந்த வண்டி. "ஒரு 800 டாலர் செலவு பண்ணா போதும், கிறிஸ்மஸுக்குள்ள ஓட்டிடலாம்"னு வீட்டம்மாகிட்ட சொன்னேன். ஓட்டுனது மே மாசம். செலவு எவ்வளவுன்னு கீழ 4-ல இருக்கு, இப்பவே சொன்னா நீங்க படிக்க மாட்டீங்க.

நான் இருக்குறது கனடால ஒன்டாரியோ, அதனால பேப்பர் விஷயம் எல்லாம் இந்த ஊர் கணக்கு. மெக்கானிக் வேலை எங்க இருந்தாலும் ஒண்ணுதான். நான் மெக்கானிக் கெடையாது, ஊர்ல இருந்தப்ப பைக்குக்கு பிளக் கழட்டி சுத்தம் பண்ணுவேன், செயின் டைட் பண்ணுவேன், அவ்வளவுதான். அந்த லெவல்ல இருக்குறவங்களுக்குத்தான் இது.

1. எந்த வண்டின்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மலிவா இருக்குன்னு பேர் தெரியாத குவாட் எதையும் தூக்கிட்டு வராதீங்க. வண்டி 400 டாலருக்குக் கெடைக்கும், ஆனா அதுக்கு ஒரு ஆயில் சீல் வேணும்னா எந்த நம்பர் போட்டுத் தேடுறதுன்னே தெரியாது. ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாஸாகி மாதிரி கம்பெனி வண்டின்னா ஒவ்வொரு போல்ட்டுக்கும் பார்ட் நம்பரோட படம் ஆன்லைன்ல இருக்கு, சர்வீஸ் மேனுவலும் கெடைக்கும். அது ரெண்டும் இல்லாத வண்டியத் தொடவே தொடாதீங்க.

400 இஎக்ஸ் 1999-ல வந்த வண்டி. 397 சிசி, ஏர் கூலிங், கார்புரேட்டர். ரேடியேட்டர் கெடையாது, ஃபியூயல் இன்ஜெக்ஷன் கெடையாது, சென்சார் தொல்லை கெடையாது. புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதவிட லேசான இன்ஜின் கெடைக்கிறது கஷ்டம். 2005-ல ரிவர்ஸ் கியர் சேத்தாங்க, அதனால அதுக்கு முன்ன பின்ன சில பார்ட் மாறும், இத ஞாபகம் வச்சுக்கோங்க, பார்ட்ஸ் ஆர்டர் பண்றப்ப வேலைக்கு வரும்.

2. பேப்பர் இல்லாம பைசா குடுக்காதீங்க

முதல்ல நான் வேற ஒரு வண்டிக்கு அட்வான்ஸ் குடுக்குற வரைக்கும் போய்ட்டேன். வித்தவர் பேர்ல பெர்மிட்டே (நம்ம ஊர் ஆர்சி புக் மாதிரி) இல்ல, அவர் வேற யார்கிட்டயோ வாங்கி மாத்தாமலே வச்சிருக்கார், அந்த ஆள் இப்ப வேற மாகாணத்துல. கூட வேல பாக்குற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருத்தர் அன்னிக்கு சொன்னது: "தம்பி, வடிவா பாத்து வாங்கும், பேப்பர் இல்லாட்டி விட்டிட்டு வாரும்." விட்டுட்டு வந்துட்டேன்.

நீங்க பாக்க வேண்டியது இதுதான். பெர்மிட்ல இருக்குற பேரும் உங்ககிட்ட விக்கிறவர் பேரும் ஒண்ணா இருக்கணும், டிரான்ஸ்ஃபர் பகுதில அவர் கையெழுத்து வேணும். கூடவே ஒரு பில் ஆஃப் சேல், அதாவது வித்ததுக்கான ரசீது, எழுதி தேதி, விலை, ரெண்டு பேர் கையெழுத்து, சேசிஸ் நம்பர் எல்லாம் போட்டு வாங்குங்க. சேசிஸ் நம்பர் ஃபிரேம்ல முன்பக்கம் அடிச்சிருக்கும், 17 எழுத்து, சேறு அப்பியிருந்தா துணி வச்சு தொடச்சுப் பாருங்க, கிரைண்டர் போட்ட மாதிரி இருந்தா அங்கயே நடையைக் கட்டுங்க. அதுல 10-வது எழுத்துதான் மாடல் வருஷம். எக்ஸ்னா 1999, ஒய்னா 2000, அப்புறம் 1-ன்னா 2001, 5-ன்னா 2005, இப்படிப் போகும். எனக்கு வித்தவர் 2006 வண்டின்னார், நம்பர்ல 4 இருந்துச்சு. அவர் பொய் சொல்லல, அவருக்கே தெரியல, ஆனா அத வச்சு 150 டாலர் கொறச்சேன்.

அந்த நம்பர திருட்டு வண்டி லிஸ்ட்ல இருக்கான்னு போலீஸோட சிபிஐசி வெப்சைட்ல ஃப்ரீயா பாக்கலாம். வண்டி மேல கடன் இருக்கான்னு மாகாண அரசோட பிபிஎஸ்ஏங்கிற கடன் பதிவுத் தேடல்ல சில டாலர் கட்டிப் பாக்கலாம். ரெண்டுக்கும் சேத்து பத்து நிமிஷம் ஆகாது.

வாங்கின 6 நாளைக்குள்ள சர்வீஸ் ஒன்டாரியோங்கிற அரசு ஆஃபீஸ்ல உங்க பேர்ல மாத்திடணும். அங்க 13 சதவீதம் வரி கட்டணும், இதத்தான் எல்லாரும் பட்ஜெட்ல மறந்துடுறாங்க. என் 1,500-க்கு 195 டாலர் வரி. "பில்லுல 300-ன்னு போட்டுக்கலாம்"னு சில பேர் ஐடியா குடுப்பாங்க, வேணாம், அது பொய்க் கணக்கு, மாட்டுனா மானம் போகும். நம்பர் பிளேட்ட முன்பக்கம் மாட்டணும். உங்க சொந்த நிலத்த விட்டு வெளில ஓட்டுறதா இருந்தா இன்சூரன்ஸும் ஹெல்மெட்டும் கட்டாயம். இன்சூரன்ஸ வண்டி ரெடியானதும் போட்டுக்கலாம், ஆனா எவ்வளவு ஆகும்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

3. வண்டியப் பாக்கப் போறப்ப

போறதுக்கு முன்னாடி ஃபோன்ல "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிடுங்க. போனதும் இன்ஜின தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஓட்டி சூடாக்கி வச்சிருக்காங்க, கோல்டு ஸ்டார்ட்ல ஏதோ பிரச்சனை. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் மட்டும் நீலப் புகை வந்து நின்னா வால்வு சீல், நிக்காம வந்துட்டே இருந்தா ரிங். ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. இதுல கூலன்ட்டே கெடையாதே, தண்ணி எங்கேர்ந்து வரும்? ஆத்துலயோ சேத்துலயோ வண்டிய முக்கி எடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.

என் வண்டி ஸ்டார்ட்டே ஆகல. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு "உள்ள எல்லாமே போச்சு"ன்னு நெனச்சுக்கிட்டே விலை பேசுங்க. "கார்புரேட்டர் சுத்தம் பண்ணா ஓடிடும்"னு வித்தவர் சொன்னார். அவ்வளவு லேசுன்னா அவரே பண்ணிட்டு கூட ஆயிரம் டாலருக்கு வித்திருப்பாரே, அந்த யோசனை எனக்கு அப்ப வரல.

ஒரு சின்ன ஜாக்கி எடுத்துட்டுப் போங்க. முன்சக்கரத்த தூக்கி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனா ஆட்டம் இருந்தா பால் ஜாயிண்ட் இல்ல வீல் பேரிங். ரெண்டு பக்கவாட்டுல புடிச்சு ஆட்டுனா டை ராடு எண்ட் (ஸ்டியரிங் கம்பியோட நுனி மூட்டு) போயிருந்தா தெரிஞ்சுடும். பின்னாடி தூக்கி ஆக்ஸில மேல கீழ ஆட்டுங்க, கடகடன்னா கேரியர் பேரிங் (பின் ஆக்ஸில தாங்குற பேரிங்) போச்சு. அப்புறம் சக்கரத்த சுத்தி விட்டு ஆக்ஸில் நுனியப் பாருங்க, வட்டம் போட்டா ஆக்ஸில் வளைஞ்சிருக்கு, அது காஸ்ட்லி. ஃபிரேம்ல கால் வைக்கிற இடமும் முன்னாடி ஏ-ஆர்ம் (முன்சக்கரத்த ஃபிரேமோட சேக்குற கை) மாட்டுற இடமும் நல்லா டார்ச் அடிச்சுப் பாருங்க. புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டின்னா வெல்டிங்க மறைச்சிருக்க சான்ஸ் இருக்கு. பெயிண்ட் அடிக்காத துருப்பிடிச்ச வண்டியே எவ்வளவோ மேல், உள்ளது உள்ளபடி தெரியும்.

4. காசு எவ்வளவு ஆகும், உண்மையா

இன்ஜின் மேல்பாதிக்கு, அதாவது பிஸ்டன் கிட், கேஸ்கெட், போர் பண்ண (சிலிண்டர் ஓட்டைய கடைஞ்சு பெருசாக்க) கூலி, ஹெட் வேலை, கேம் செயின் எல்லாம் சேத்து 540. பேரிங், புஷ், பால் ஜாயிண்ட் 4, டை ராடு எண்ட் இதெல்லாம் 455. செயின், ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட் 260. கார்புரேட்டர் கிட், பேட்டரி, ஏர் ஃபில்டர் 180. டயர் நாலு 520. ஆயில், கிரீஸ், கிளீனர், போல்ட் நட்டுன்னு கண்ணுக்கே தெரியாமப் போனது 150. பார்சல் செலவு 130. மொத்தம் 2,235. வண்டி விலையும் வரியும் சேத்தா 3,930 டாலர். இதுல தெரியாத்தனமா வாங்கி வீணாப்போனத சேக்கவே இல்ல. இந்தக் காசுக்கு ஓடுற கண்டிஷன்ல நல்ல வண்டியே கெடைச்சிருக்கும். இது தெரிஞ்சும் கையால சரி பண்ணிப் பாக்கணும்னு ஆச இருந்தா மட்டும் மேல படிங்க.

டூல்ஸ் தனி. டார்க் ரெஞ்சும் (எவ்வளவு இறுக்கம்னு அளந்து இறுக்குறது) ஃபீலர் கேஜும் (சின்ன இடைவெளிய அளக்குற தகடு) இல்லாம இன்ஜின தொறக்காதீங்க.

5. கழட்டுறது

ஒவ்வொரு பார்ட்டையும் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஃபோட்டோ, கழட்டுன அப்புறம் ஒரு ஃபோட்டோ. போல்ட்டெல்லாம் ஜிப் பையில போட்டு மேல மார்க்கர்ல எழுதுங்க. நான் முதல் வாரம் எல்லாத்தையும் ஒரே ஐஸ்கிரீம் டப்பால போட்டேன், பிப்ரவரில அந்த டப்பாவ தொறந்து உக்காந்தப்ப எனக்கே அழுகை வந்துச்சு.

ஜப்பான் வண்டில பிளஸ் மாதிரி இருக்குற ஸ்க்ரூ நம்ம சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு சரியா உக்காராது, அது ஜேஐஎஸ்னு வேற அளவு. கார்புரேட்டர் மூடில நாலுல ரெண்டு ஸ்க்ரூவ நான் வழவழன்னு ஆக்கிட்டேன். ஜேஐஎஸ் டிரைவர் ஒண்ணு வாங்கிடுங்க, 15 டாலருக்குள்ள வரும், ரொம்ப இறுகிப் போயிருந்தா சுத்தியலால அடிச்சு திருப்புற இம்பாக்ட் டிரைவர்.

ரொம்ப படுத்துனது ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்த ஃபிரேமோட சேக்குற கை) போல்ட். கிரீஸே பாக்காத வண்டில அது உள்ள துருப்பிடிச்சு ஃபிரேமோட ஒட்டிக்கும். வண்டி வந்த அன்னிக்கே துரு எளக்குற ஆயில ரெண்டு பக்கமும் அடிச்சு வைங்க, தினமும் அடிங்க, ஒரு வாரம் கழிச்சுத் தொடுங்க. நட்ட முழுசாக் கழட்டாம போல்ட் நுனிக்கு சமமா வச்சு அது மேல அடிங்க, இல்லாட்டி போல்ட் மரை நசுங்கிடும். எனக்கு ஒம்பது நாள் ஆச்சு.

ஒரு எச்சரிக்கை, குளிருதுன்னு கராஜ மூடிக்கிட்டு கேஸ் ஹீட்டர் வச்சுக்கிட்டு பெட்ரோல், கார்ப் கிளீனர் வேலை பண்ணாதீங்க. ஆவி பத்திக்கும், மூடுன இடத்துல கார்பன் மோனாக்சைடும் சேரும். அந்த வேலைய வெளில வச்சுக்கோங்க, கை வெறைச்சாலும் பரவால்ல.

6. பார்ட்ஸ் வாங்குறது: கம்பெனி ஸ்பேரா, வெளி ஸ்பேரா

ஊர்ல ஸ்பேர் கடைல போனதும் "கம்பெனி ஸ்பேரா, லோக்கலா"ன்னு ஒரே கேள்விதான். இங்க அந்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய ஒலகமே இருக்கு. பேர் எடுத்த ஆஃப்டர்மார்க்கெட் (வெளி ஸ்பேர்) கம்பெனிகள் சிலது வண்டிக் கம்பெனி பார்ட்டுக்கு சமமாவோ மேலாவோ பண்றாங்க, அதுக்குக் கீழ டூப்ளிகேட் குப்பை.

என் கணக்கு என்னன்னா, உள்ள மாட்டிட்டா மறுபடி தொறக்க கஷ்டமான சின்ன பார்ட்ட ஹோண்டா ஒரிஜினலே வாங்குங்க: ஆயில் சீல், வால்வு சீல், கேம் செயின், கார்புரேட்டர் ஜெட், நீடில். விலை வித்தியாசம் அஞ்சு பத்து டாலர்தான், அது கெட்டா மறுபடி எல்லாத்தையும் பிரிக்கணும். பேரிங், புஷ் கிட் எல்லாம் ஆல் பால்ஸ், பிவட் வொர்க்ஸ் மாதிரி போதும், சீலும் சேத்தே ஒரு செட்டா வந்துடும். பிரேக் பேட் ஈபிசி போட்டேன், செயின் டிஐடி, ஸ்ப்ராக்கெட் ஜேடி. ஸ்ப்ராக்கெட்ல கலர் கலரா அலுமினியம் பாத்து மயங்காதீங்க, ஸ்டீல் வாங்குங்க, ரொம்ப நாள் உழைக்கும். இதுக்கு 520-ங்கிற சைஸ் செயின். செயின் மட்டும் மாத்துனா பழைய ஸ்ப்ராக்கெட் பல் புது செயின தின்னுடும், செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் மூணையும் ஒண்ணா மாத்துங்க. ஸ்டாக்கா, அதாவது கம்பெனில வர்றப்ப, முன்னாடி 15 பல், பின்னாடி 38. இழுவை வேணும்னு முன்னாடி ஒரு பல் கொறைக்கிறது பின்னாடி ரெண்டரை பல் கூட்டுறதுக்கு சமம், அதனால யோசிச்சு மாத்துங்க.

டயர் முன்னாடி 22-7-10, பின்னாடி 20-10-9. முதல் நம்பர் உயரம், ரெண்டாவது அகலம், மூணாவது ரிம், எல்லாம் இன்ச்ல. காத்து 4 பிஎஸ்ஐ ஒட்டித்தான் அடிக்கணும், கார் கேஜ்ல அது தெரியவே தெரியாது, லோ பிரஷர் கேஜ் தனியா வாங்குங்க. பெட்ரோல் பங்க்ல கார் மாதிரி 30 அடிச்சீங்கன்னா டயர் வெடிக்கிற அளவுக்குப் போயிடும்.

இப்ப நான் ஏமாந்தது. கார்புரேட்டர் ஸ்க்ரூ வழவழன்னு ஆனதும் கோவத்துல ஆன்லைன்ல 45 டாலருக்கு ஒரு முழு கார்புரேட்டரே வாங்கினேன், பாக்க அச்சு அசல் ஒரிஜினல் மாதிரியே இருந்துச்சு. ஐடில் (ஆக்ஸிலேட்டர் குடுக்காதப்ப இன்ஜின் சுத்துற வேகம்) நிக்கவே இல்ல, ஒரு நாள் 1,400 ஆர்பிஎம்ல நிக்கும், மறுநாள் 2,500-க்கு ஏறும். ரெண்டு வார இறுதி அதோட மல்லுக்கட்டி கடைசில பழையத எடுத்து ஸ்க்ரூவ டிரில் போட்டுக் கழட்டி, நல்லா ஊற வச்சு சுத்தம் பண்ணி, புது ஜெட்டும் ஓ-ரிங்கும் போட்டேன், கடிகாரம் மாதிரி ஓடுது. கெடந்து போன ஒரிஜினல் கார்புரேட்டர் புது டூப்ளிகேட்ட விட நல்லது. ஜெட் (பெட்ரோல் அளவா போற சின்ன பித்தளை ஓட்டை) அடைச்சிருந்தா ஸ்டீல் கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும்.

அமெரிக்கக் கடைல விலை கம்மியா காட்டும். எக்ஸ்சேஞ்ச் ரேட், பார்சல், வரி, அதுக்கு மேல கூரியர்காரன் போடுற கஸ்டம்ஸ் சேவைக் கட்டணம்னு சேத்துப் பாத்தா சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். 18 டாலர் கேஸ்கெட்டுக்கு வாசல்ல வந்து 31 டாலர் கேட்டாங்க. சின்ன பார்ட்ட உள்ளூர்லயே வாங்குங்க, இல்லாட்டி எல்லாத்தையும் ஒரே ஆர்டர்ல போடுங்க.

சைலென்சர், ஏர் ஃபில்டர், அகல ஏ-ஆர்ம், இதெல்லாம் முதல் நாளே வாங்கணும்னு கை துறுதுறுங்கும். அடக்கிக்கோங்க. சைலென்சரும் ஓப்பன் ஃபில்டரும் மாத்துனா ஜெட்டும் மாத்தணும், இல்லாட்டி பெட்ரோல் கம்மியாப் போய் இன்ஜின் சூடாகி பிஸ்டன் ஓட்டையாகும். முதல்ல ஸ்டாக்ல ஓட வைங்க. எது கோளாறு, எது நீங்க மாத்துனதால வந்ததுன்னு அப்பத்தான் பிரிச்சு சொல்ல முடியும்.

7. இன்ஜின்

கம்பிரஷன் கேஜ் வச்சு கம்மியா காட்டுதுன்னு பயந்துடாதீங்க, இந்த இன்ஜின்ல ஸ்டார்ட் பண்றப்ப அழுத்தத்த விடுற டிகம்ப்ரசர் இருக்கு, ரீடிங் கம்மியாத்தான் வரும். சிலிண்டருக்குள்ள காத்து அடிச்சு எங்க கசியுதுன்னு பாக்குற லீக் டவுன் டெஸ்ட்தான் உண்மை சொல்லும். சைலென்சர் பக்கம் காத்து சத்தம் கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடி பக்கம் கேட்டா ரிங்.

பெரிய பாடம் இதுதான்: தொறந்து அளக்காம பிஸ்டன் ஆர்டர் பண்ணாதீங்க. ஸ்டாக் போர் 85 மில்லிமீட்டர், அதனால நானும் 85 ஆர்டர் பண்ணிட்டேன். தொறந்தா பழைய பிஸ்டன் தலைல 50-ன்னு அடிச்சிருக்கு, ஏற்கனவே ஒருத்தர் அரை மில்லிமீட்டர் போர் பண்ணிட்டார். திருப்பி அனுப்புனதுல 40 டாலர் போச்சு. அளந்து பாத்து 86-க்குப் போனேன். பிஸ்டன் கைக்கு வந்த அப்புறம் அதையும் சிலிண்டரையும் சேத்தே மெஷின் ஷாப்ல குடுங்க, பிஸ்டன அளந்துதான் போர் பண்ணுவாங்க, "86 போடுங்க"ன்னு வாயால சொல்லிட்டு வர்ற வேலை இல்ல. எனக்கு மூணு வாரம் ஆச்சு. வசந்தம் நெருங்கினா கூட்டம், அதனால ஜனவரிலயே குடுத்துடுங்க.

வைஸ்கோ கம்பெனி மாதிரி ஃபோர்ஜ்டு (அழுத்தி அடிச்சு செஞ்ச) பிஸ்டன் போட்டா குளிர்ல கொஞ்சம் டக்டக்னு சத்தம் வரும், சூடானா அடங்கும், பயப்படாதீங்க, ஆனா சூடாகாம முறுக்காதீங்க. 87 போட்டா 416 சிசி, 88 போட்டா 426-னு ஆச காட்டுவாங்க. அடுத்த தடவ தேய்ஞ்சா போர் பண்ண செவுரு மிச்சம் இருக்கணும்ல? சும்மா காட்டுல ஓட்ட 400 தாராளம்.

மாட்டுறப்ப ரிங் கேப் அளந்து மாட்டுங்க, பிஸ்டன் பின் கிளிப்ப பழசே போடாதீங்க, பிஸ்டன்ல ஐஎன்-னு அடிச்ச பக்கம் கார்புரேட்டர் பக்கம் வரணும். கிளிப் மாட்டுறப்ப கீழ ஓட்டைய துணியால அடைச்சுக்கோங்க, துள்ளி உள்ள விழுந்தா கதை முடிஞ்சுது. வால்வு கேப் குளிர்ந்த இன்ஜின்ல இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.12 மில்லிமீட்டர்.

ஆயில் டப்பால ஜேஏஎஸ்ஓ எம்ஏ-ன்னு (பைக் கிளட்சுக்கு ஏத்த ஆயில்னு அர்த்தம்) போட்டதா பாத்து வாங்குங்க. கிளட்ச் ஆயிலுக்குள்ளயே ஓடுது, எரிபொருள் சிக்கனம்னு எழுதுன கார் ஆயில ஊத்துனா கிளட்ச் வழுக்கும். இது டிரை சம்ப் இன்ஜின், ஆயில் தனி டேங்க்ல இருக்கு. நின்ன வண்டில அளவு பாத்தா கொறைவா காட்டும், ஏன்னா ஆயில் கீழ இறங்கியிருக்கும். அதப் பாத்து ஊத்தி ஊத்தி நெறப்பிட்டு, ஓட்டுறப்ப எல்லாம் ஏர் பாக்ஸுக்குள்ள (ஏர் ஃபில்டர் இருக்குற பெட்டி) துப்புதுன்னு பொலம்புறவங்கள்ல நானும் ஒருத்தன். ஸ்டார்ட் பண்ணி சூடாகி சில நிமிஷம் ஐடில்ல விட்டு, அணைச்ச உடனே பாருங்க.

8. ஸ்டார்ட் பண்ண அப்புறம்

முதல் தடவ கொஞ்சம் சூடாகற வரைக்கும் ஓட விட்டு அணைச்சு முழுசா ஆற விடுங்க. இப்படி ரெண்டு மூணு தடவ. அப்புறம் ஒரே வேகத்துல போகாம ஏத்தி எறக்கி மெதுவா ஓட்டுங்க. சீக்கிரமே முதல் ஆயில மாத்துங்க, அதுல மின்னுற பொடி கொஞ்சம் வரும், புது ரிங் உக்கார்ற பொடிதான், துண்டு துண்டா வந்தாத்தான் கவலை.

முதல் ரைடு நான் போனது ஒன்டாரியோல இருக்குற கனராஸ்கா காட்டுக்கு. பாஸ் வாங்கிட்டுத்தான் உள்ள போகணும். எல்லா ரோட்லயும் ஓட்ட முடியாது, மாகாண சட்டமும் அந்தந்த ஊர் விதியும் அனுமதிச்ச ரோடுல மட்டும்தான், அதனால டிரெய்லருக்கோ பிக்கப்புக்கோ இப்பவே யாரையாவது புடிச்சு வைங்க.

ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்ததும் ஒரு ரெஞ்ச எடுத்துட்டு எல்லா போல்ட்டையும் சுத்தி வாங்க. முக்கியமா பின் ஆக்ஸில் நட்டு, ரெண்டு நட்டு ஒண்ண ஒண்ணு பூட்டுற மாதிரி இருக்கும், இந்த வண்டில அது தளர்றது பேர் போனது. மரை லாக் பேஸ்ட் போட்டு மேனுவல் சொல்ற டார்க்ல இறுக்கி, ரெண்டு நட்டு மேலயும் சேத்து பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுடுங்க. கோடு வெலகியிருந்தா அன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க. எனக்கு ரெண்டாவது ரைடுலயே வெலகியிருந்துச்சு.